இரண்டு அங்குலம் குறைவு

வரதராசன்பேட்டை,
நவம்பர் 9.

அன்புள்ள ஜெயலட்சுமிக்கு,

செசிலி எழுதுவது. பெரம்பலூரில் நல்ல மழை என்று பேப்பரில் பார்த்தேன். மாடித் தண்ணீர் மறுபடி உன் அடுப்படிக்குள் வரவில்லையே? "இனிமே வரட்டுமான்னு கேக்க மாட்டேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். அதற்குப் பதிலைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதினால் பிழை பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வெள்ளையடிக்கவில்லை. சென்னையிலிருந்து மகன் குடும்பமும் வரவில்லை. இரண்டும் உன்னை வரவிடாமல் இருக்க நான் சொன்ன சாக்கு.

ஈஸ்டர் முடிந்த வாரம் செந்துறை போகும்போது பஸ்ஸில் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது. விழக்கூட இல்லை. முதுகெலும்பில் ஒன்று நசுங்கிவிட்டது. எலும்பு முன்பே வலுவிழந்திருந்ததாம். வலி இப்போது குறைந்திருக்கிறது. விழுந்த கூன் போகாது என்கிறார்கள்.

போன வாரம் அரியலூர் ஆஸ்பத்திரியில் உயரம் அளந்தார்கள். இரண்டு அங்குலம் குறைவு என்றாள் நர்ஸ். கோல் நேராக நிற்கவில்லை, மறுபடி அள என்றேன். அளந்தாள். அதேதான்.

பிறகு ஷாலினி மேரி என்று ஒரு பெண் கேள்வி கேட்க வந்து உட்கார்ந்தாள். முதுகெலும்பு முறிந்தவர்கள் அன்றாடம் எப்படி வாழ்கிறோம் என்று கணக்கெடுக்கிறார்களாம். ஒவ்வொரு பதிலுக்கும் மதிப்பெண். நான் மதிப்பெண் போட்டுப் பழகியவள். வாங்கி எவ்வளவு நாளாயிற்று! நன்றாக வாங்கவேண்டும் என்று புத்தி போயிற்று. குனிய முடிகிறதா? முடிகிறது. தானே தலை வாரிக்கொள்ள முடிகிறதா? முடிகிறது. முதுகை நினைத்து யாரையாவது பார்க்காமல் தவிர்க்கிறீர்களா? இல்லவே இல்லை.

எனக்குச் சமைத்துப்போடும் அமுதா துணைக்கு வந்திருந்தாள். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவள், வாய் அன்றும் அடங்காது. "ஏன் டீச்சர், பெரம்பலூர் அம்மா வரேங்கிறப்பல்லாம் வெள்ளையடிக்கிறோம்னீங்களே, அந்த வெள்ளைய எந்த வூட்டுக்கு அடிச்சீங்க?" என்று கேட்டுவிட்டாள். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஷாலினி மேரி மட்டும் சிரிக்கவில்லை. "எல்லாம் நல்லாருக்குன்னு நீங்க சொன்னா, உங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்னு ஆயிடும் பாட்டி" என்றாள்.

முதலிலிருந்து மறுபடி கேட்கச் சொன்னேன். இம்முறை உண்மையைச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் அவ்வளவு குறைவாக வாங்கியதில்லை, ஜெயா.

ஹாஸ்டலில் மதர் எல்லாருக்கும் என்னைத்தான் காட்டுவார்கள், நின்றால் செசிலியைப் போல நிற்கவேண்டும் என்று. என் வீட்டுக்காரர் அடக்கத்தன்றும் நீ பக்கத்தில் இருந்தாய். அன்றும் நிமிர்ந்துதான் நின்றேன். உனக்குத் தெரிந்த அந்தச் செசிலியை உன்னிடமிருந்து எடுத்துவிடக் கூடாது என்று நினைத்தேன். வேறு காரணம் இல்லை. உன்னை நோகடித்தேன் என்பது அமுதா கேட்ட பிறகுதான் உறைத்தது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் வா. பஸ்ஸில் பின் சீட்டில் உட்காராதே. அரியலூரில் மாறும்போதும் முன் சீட்டாகப் பார்த்து ஏறு.

கையைத் தலைக்கு மேல் தூக்க முடிவதில்லை. அமுதாதான் வாரிவிடுகிறாள். வகிடு தினமும் கோணல். ஹாஸ்டலில் எனக்குப் பின்னல் போட நீ பெஞ்சின்மேல் ஏறி நிற்பாயே, இனி ஏற வேண்டியதில்லை. தரையில் நின்றாலே உனக்கு எட்டும்.

மாதா உன்னைக் காப்பாற்றட்டும். உன் சாமியும்தான்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
செசிலி