சினை பிடிக்காத ஆடுகள்

அக்கா,

இன்று காலை பக்கத்து வீட்டில் கறையானுக்கு மருந்தடித்தார்கள். நெடி உள்ளே வந்ததும் ஜன்னலைச் சாத்தினேன். உங்கள் ஞாபகம் வந்தது. இப்படியொரு நெடியோடு உங்களை நினைக்க நேர்வதே அருவருப்பாக இருக்கிறது.

எழுபதுகளின் கடைசி. புதூர்ப் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் நான் உதவியாளன். நீங்கள் நாற்பது ஆடுகளை ஒற்றை ஆளாக மேய்த்துப் பிழைத்தவர். கரிசலில் பருத்திக்கு விடாமல் மருந்தடித்துக்கொண்டிருந்த காலம். பருத்தி எடுத்து முடிந்த காடுகளில் உங்கள் ஆடுகள் மேயும். இரண்டு வருஷமாக ஒன்றுகூடச் சினை பிடிக்கவில்லை. தாலியறுத்தவள் கை பட்டால் எப்படிச் சினையாகும் என்று உங்கள் காதுபடவே ஊர் பேசியது.

ஒருநாள், அறுத்த கிடாயின் விதைகளைப் பூவரச இலையில் பொதிந்து கொண்டுவந்து டாக்டர் மேஜையில் வைத்தீர்கள்.

“சுண்டைக்கா கணக்கா சுருங்கிக் கெடக்கு, பாருங்கய்யா. பொட்டையாட்ட மோந்துகூடப் பாக்கல. மருந்தடிச்ச காட்டுல மேஞ்சதுதான் காரணம்னு நெனைக்கேன்.”

டாக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டார். “பூச்சிமருந்து பூச்சியத்தாம்மா கொல்லும். ஆட்டுக்குத் தீனி பத்தல,” என்றவர், அதைத் தூக்கி எறியச் சொன்னார். எறிந்தேன்.

நீங்கள் மந்தையைப் பயிரும் மருந்தும் இல்லாத உடைமரப் பொட்டலுக்கு ஓட்டிப்போனீர்கள். மருந்து தெரியாத ஊரிலிருந்து வேறு கிடாய் வாங்கினீர்கள். பசியில் ஏழெட்டு ஆடுகள் செத்தன. மிச்சத்தில் பாதிக்குமேல் மறுவருஷம் குட்டி போட்டன. ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் கேட்டீர்கள்: “இப்போ முன்னவிடக் கொறச்சலாத்தான திங்குது. பின்ன எப்படி குட்டி போட்டுச்சு தம்பி?”

டாக்டர் அடுத்த மாட்டைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவரப் போனேன்.

சில வருஷம் கழித்து ஒரு பயிற்சியில் சொன்னார்கள்: சில பூச்சிமருந்துகள் ஹார்மோன் சுரப்பைக் கெடுக்கும், கிடாய்க்கு விருப்பம் போகும், பெட்டைக்குப் பருவம் வராது. நேரே உங்கள் வீட்டுக்கு வந்தேன்.

“நாஞ்சொன்னப்போ தூக்கி எறிஞ்சிய. எங்கிட்ட ஏன் சொல்லுதிய? என்னைய ராசி கெட்டவள்னு பேசுனவிய இருக்காவள்லா, அவியகிட்டப் போய்ச் சொல்லுங்க.”

போனேன். டீக்கடையில் அவர்களோடு பூச்சிமருந்துக்கடை முதலாளியும் உட்கார்ந்திருந்தார். அவர் வாங்கித்தந்த டீயைக் குடித்துவிட்டு, வாய் திறக்காமல் பஸ் ஏறினேன்.

அடுத்த முறை பார்த்தபோது, “சொன்னியளா தம்பி?” என்றீர்கள். தலையாட்டினேன். உங்கள் முகம் தெளிந்தது. அதற்குப் பிறகு நீங்கள் என்னிடம் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தீர்கள்.

நான் சொல்லவில்லை, அக்கா.