இரவல் மேசை

ஜனவரி 6

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

இங்கே நானும் பேத்தியும் சுகம். அங்கே நீங்களும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு, மூச்சு விடாமல் அடுத்த வரியில் ஒரு உதவி கேட்கப் போகிறேன். போனிலேயே கேட்டிருப்பேன். உங்களுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. நான் கத்தினால் பக்கத்து வீட்டில் சண்டை என்று எட்டிப் பார்க்கிறார்கள்.

நம் பேத்தி கதாநாயகியாக நடிக்கப் போகிறாள்! இங்கே வேலை கிடைத்து என்னோடு தங்கி, ஆபீஸ் முடிந்து சாயங்காலம் எங்கள் அரங்கத்துக்கு வந்து கூட்டத்தில் ஒருத்தியாக நின்றுகொண்டிருந்தவள், இப்போது ஆலை முதலாளி வீட்டு மருமகள். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் எழுதிய நாடகம். ஆலையில் கை போன தொழிலாளியின் மனைவி எழுதிய கடிதத்தை முதலாளி மேசைக்குள் போட்டு மறைத்துவிடுகிறார். மருமகள் அதை எடுத்து விருந்தாளிகள் நடுவில் உரக்கப் படிக்கிறாள். அந்த இடத்தில் நாடகமே நிமிர்ந்து உட்காரும்.

பத்தொன்பது வருஷமாக இங்கே சாமான் அறை என் பொறுப்பு. மேடைக்கு வேண்டிய நாற்காலி, அலமாரி எல்லாம் வீடுகளில் இரவல் வாங்கி, கொடுத்தவர் பேரை நோட்டீஸில் போடுவதுதான் எங்கள் வழக்கம். இந்தத் தடவை காலமான சம்பந்தி ஐயாவின் மேசை வேண்டும். அந்தக் கம்பீரம் இங்கே எந்த வீட்டு மேசைக்கும் இல்லை.

இயக்குநர் தம்பிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அந்தக் கடிதத்தை அவள் மனப்பாடம் செய்யக் கூடாதாம். "முதல் தடவை படிக்கிற முகம் வேணும்மா, ஒப்பிக்கிற முகம் வேணாம்" என்கிறார். அதனால் தினமும் நான் வார்த்தையை மாற்றிப் புதிதாக எழுதி டிராயரில் வைக்கிறேன். ஒரு நாள் கூரை ஒழுகும், ஒரு நாள் பிள்ளைக்குக் காய்ச்சல். காகிதத்தில் என்ன இருந்தாலும் அவள் நிறுத்தாமல் படிக்க வேண்டும். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் எழுதுவதை ஊரே கேட்கப் போகிறது. கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். கூச்சமாக இருக்கிறது. முதல் நாள் நாடகத்துக்கு என் மகளை அனுப்பி வையுங்கள். இருபத்துநாலு வருஷமாக அவள் என் வாசற்படி மிதிக்கவில்லை. இவள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தேன். என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிரசவ அசதி என்று நினைத்தேன். அந்த அசதி இன்னும் தீரவில்லை. என்னடி தப்பு செய்தேன் என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பாள். என் வீட்டுக்கு வர வேண்டாம். அரங்கத்துக்கு வந்து பெற்ற பெண்ணைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பட்டும்.

மேசையையும் மகளையும் சேர்த்துக் கேட்கிறேன். ஒன்றாவது வந்து சேரட்டும்.

பேத்தி பெருமையில் பாதிப் பங்குக்காரி,
உங்கள் சம்பந்தி

ஜனவரி 14

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாளுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்ததும் எனக்குத் திக்கென்றது. ஒரு மருமகள் மாமனார் மேசையைத் திறந்து, வந்தவர்கள் முன்னால் அவர் மானத்தை வாங்குவதா? அதை நம் வீட்டுப் பெண்ணே செய்ய வேண்டுமா? அதற்கு என் வீட்டுக்காரர் மேசைதான் கிடைத்ததா?

உங்கள் மகளிடம் சொன்னேன். "நாடகந்தானே அத்தை! மேசைக்கு என்ன ஆயிடப் போகுது?" என்று என் இடது காதில் கத்தினாள். வலது காது முழுசாகப் போய்விட்டது. என் மகன் இறந்த இந்த எட்டு வருஷத்தில் எனக்குக் காதும் அவள்தான், கண்ணும் அவள்தான். என் மாத்திரை எது, வாசலில் வந்தது யார் என்று எல்லாம் அவள் சொல்லித்தான் தெரிய வேண்டும். அவளே சரி என்ற பிறகு நான் என்ன மறுப்பது?

மேசையை வேனில் அனுப்புகிறேன். ஆறு டிராயரையும் நானே காலி செய்து துடைத்தேன். வலது பக்கம் கீழே இருப்பது முரண்டு பிடிக்கும். இழுக்காமல் தூக்கி எடுக்க வேண்டும். ஈரத் துணி படக் கூடாது. யாரும் டீ டம்ளர் வைக்கக் கூடாது. நோட்டீஸில் அவர் பேரோடு தலைமை எழுத்தர் என்பதையும் போடச் சொல்லுங்கள்.

மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். "போய்ட்டு வாயேன்" என்றேன். "பார்க்கலாம்" என்றாள். அவள் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

மேசை பத்திரம் என்று மறுபடி நினைவூட்டும்,
சம்பந்தி

பிப்ரவரி 10

சம்பந்தி அம்மாவுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. எழுத்து கோணினாலும் படித்துவிடுங்கள்.

நேற்றுத்தான் நாடகத்தின் முதல் நாள். அரங்கம் நிறைந்துவிட்டது. என் மகள் வரவில்லை. மூன்றாவது காட்சியில் நான் திரைக்குப் பக்கத்தில் சாமான் பட்டியலோடு நிற்கிறேன். பேத்தி ஆவேசமாக வந்து வலது பக்கக் கீழ் டிராயரை இழுத்தாள். தூக்கி எடு என்று ஆயிரம் தடவை சொல்லியிருந்தேன். மேடைக் கோபத்தில் மறந்துவிட்டாள். டிராயர் மொத்தமாகக் கழன்று தடாலென்று விழுந்தது. நான் வைத்த கடிதம் மேசைக்கு அடியில் போய்விட்டது. டிராயருக்குப் பின்னால் பலகையில் சிக்கிக் கிடந்த வேறொரு காகிதம் அவள் காலடியில் விழுந்தது. நாலாக மடித்துப் பழுப்பேறிய காகிதம். நான் டீத்தண்ணியில் நனைத்துத்தான் கடிதங்களைப் பழசாக்குவேன். இதுவும் என் கைவேலை என்று நினைத்துப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தாள்.

"அம்மாவுக்கு. நான் நன்றாக இல்லை. இதுவரை எழுதியதெல்லாம் பொய். அவர் கை நீட்டுகிறார். போன மாசம் கதவில் இடித்துக்கொண்டேன் என்று எழுதினேனே, அது கதவு இல்லை."

கதவு என்றதும் என் கையிலிருந்த பட்டியல் கீழே விழுந்தது. நெற்றியில் கதவு இடித்துவிட்டது என்று என் மகள் எழுதியது எனக்கு மட்டுந்தான். நான் அதற்கு, பார்த்து நடக்க மாட்டாயா என்று திட்டிப் பதில் போட்டேன்.

பேத்தி குரலும் அந்த இடத்தில் மாறியது. பெற்றவள் கையெழுத்து தெரியாதா? ஆனாலும் நிறுத்தவில்லை. எது வந்தாலும் படி என்று பழக்கி வைத்திருக்கிறோமே.

"இப்போது ஏழு மாசம். வயிற்றில் இருப்பதற்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ. பையோடு தயாராக நிற்பேன். நீ வரவில்லை என்றால் உனக்கும் நான் பாரம் என்று புரிந்துகொள்கிறேன். அப்புறம் இதைப் பற்றி உன்னிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்."

தொழிலாளியின் மனைவி தன் அம்மாவுக்கு எழுதியதை முதலாளி மறித்து வைத்திருக்கிறார் என்று சனங்கள் நினைத்துக்கொண்டார்கள். பிறகு கைதட்டினார்கள் பாருங்கள், கூரை பிய்ந்துவிடும் போல. இயக்குநர் தம்பி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, என்ன எழுதிட்டீங்க! என்ன எழுதிட்டீங்க! நாளைக்கும் இதையே வச்சிருங்க!" என்றார். அவர் கண்ணெல்லாம் தண்ணீர். அவருக்கு என்ன தெரியும் பாவம்.

ஒப்பனை அறையில் பேத்தி சாயம்கூடக் கலைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"பாட்டி, இது நீ எழுதினதில்லை."

"இல்லடி."

"வயித்துல இருந்தது நானா?"

"நீதான்."

"அப்ப நீ ஏன் போகலை?"

இந்தக் கடிதத்தை நேற்றுத்தான் நானே கேட்டேன் சம்பந்தி அம்மா. ஊரோடு சேர்ந்து, டிக்கெட் எடுத்து வந்தவர்களோடு சேர்ந்து கேட்டேன். என் மகள் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். நான் வராமல் இருந்துவிட்டேன் என்று நினைத்து இருபத்துநாலு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

இது உங்கள் மேசைக்குள் எப்படி வந்தது? அது ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

அவளைப் பெற்றவள்

பிப்ரவரி 16

சம்பந்தி அம்மாளுக்கு,

உங்கள் கடிதத்தைத் தபால்காரரிடம் வாங்கி என் கையில் கொடுத்தவள் உங்கள் மகள்தான். அவள் எதிரிலேயே பிரித்தேன். "என்ன அத்தை, முகம் வெளுத்துப் போச்சு? பிரஷர் பார்க்கட்டுமா?" என்று கேட்டாள். நாடகம் நன்றாக நடந்ததாம் என்றேன்.

என் வீட்டுக்காரர் செய்தது என்று எழுதிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இறந்தவர் வந்து மறுக்கப் போவதில்லை. ஆனால் அவள் தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தது என் கையில்தான். உறை சரியாக ஒட்டவில்லை என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் ஒட்டியிருந்தது. ஆவியில் காட்டிப் பிரித்தது நான். படித்துவிட்டு அவரிடம் கொடுத்தேன். "வெளியே தெரிஞ்சா தலை காட்ட முடியாது, இங்கேயே கிடக்கட்டும்" என்று டிராயரில் போட்டார். மகனைக் கூப்பிட்டுக் கண்டித்தார். அதன் பிறகு அவன் அவள் மேல் கை வைக்கவில்லை, எனக்குத் தெரிந்து. இப்படி எழுதும்போதுதான், தெரியாமல் இருக்க நான் எவ்வளவு பாடுபட்டிருக்கிறேன் என்று உறைக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமையையும் சொல்லிவிடுகிறேன். காலை ஏழு மணிக்கே வாசல் கேட்டுக்குப் போய் நின்றாள். பை கதவுக்குப் பின்னால் இருந்தது. என்னம்மா என்றால், காற்று வாங்குகிறேன் என்றாள். ஒவ்வொரு பஸ் நிற்கும்போதும் எட்டிப் பார்த்தாள். சாப்பிடக் கூப்பிட்டேன், பசிக்கவில்லை என்றாள். கடைசி பஸ்ஸும் போன பிறகு உள்ளே வந்து, பையில் இருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கினாள். நான் சமையலறை ஜன்னல் வழியாக நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாருக்காக நிற்கிறாள் என்று தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் போன பிறகு டிராயரில் தேடினேன். காணவில்லை. கிழித்துப் போட்டிருப்பார் என்று நிம்மதியானேன். அந்த நிம்மதியில்தான் மேசையை வேனில் ஏற்றினேன்.

அவளிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். அவள் போய்விட்டால் எனக்கு ஒருத்தரும் இல்லை. கேட்க வாய் கூசுகிறது. கேட்காமல் இருக்கவும் பயமாக இருக்கிறது.

சம்பந்தி

பிப்ரவரி 20

சம்பந்தி அம்மாவுக்கு,

படித்தேன். பேத்தியைப் படிக்கச் சொல்லாமல் நானே தனியாக உட்கார்ந்து படித்தேன். ஜன்னல் வருகிற இடத்தை மூன்று தடவை படித்தேன். உங்களைத் திட்ட எனக்கு வார்த்தை இல்லாமல் இல்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது காகிதம்.

போனை நாலு தடவை எடுத்தேன், என் மகளிடம் சொல்லிவிட. நாலு தடவையும் வைத்துவிட்டேன். நான் சொன்னால் என் தலையில் இருந்த பழியை எடுத்து உங்கள் தலையில் வைத்த மாதிரிதான் இருக்கும். அவள் இடிந்துபோய் நிற்கும்போது அந்த வீட்டில் உங்களைத் தவிர அவள் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

நீங்களே சொல்லுங்கள். உங்கள் வாயால் சொல்லுங்கள். அவள் எழுதிய கடிதத்தை இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். பேத்தி குதிக்கிறாள். "உனக்கென்ன பைத்தியமா பாட்டி? மறைச்சவங்க கையிலயே மறுபடி கொடுக்கிற!" என்கிறாள். மாசக் கடைசி வரை வாயைத் திறக்க மாட்டேன் என்று அவளிடம் சத்தியம் வாங்குவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. இப்போது மேடையில் பழையபடி கூரை ஒழுகுகிற கடிதத்தைப் படிக்கிறாள். இயக்குநர் தம்பிக்கு ஏமாற்றம். "அன்னைக்கு இருந்த உயிர் இல்லையேம்மா" என்கிறார்.

இதையும் நீங்கள் அடுப்பில் போட்டுவிடலாம். நான் என்ன செய்துவிட முடியும்? போடமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அன்றைக்கே கிழித்துப் போட உங்களுக்கு மனசு வரவில்லையே.

காத்திருக்கும்,
உங்கள் மருமகளின் அம்மா

பிப்ரவரி 27

சம்பந்தி அம்மாளுக்கு,

கொடுத்துவிட்டேன்.

மூன்று நாள் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். நேற்று மத்தியானம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது எடுத்துப் போய் மடியில் வைத்தேன். வாயால் சொல்லச் சொன்னீர்கள். முதலில் வாய் வரவில்லை. அவள் தன் எழுத்தைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்த பிறகுதான் வந்தது. எல்லாம் சொன்னேன். ஜன்னலையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும். உதடு மட்டும் அசைந்தது. என்னம்மா சொல்கிறாய் என்று என் இடது காதைக் காட்டினேன். எனக்குக் காது போன நாளிலிருந்து முதல் தடவையாக, அவள் என் காதுக்கு வரவில்லை. கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் எழுதி என் பக்கம் தள்ளினாள். "ஏன் வரலைன்னு எங்கம்மாவை ஒரே ஒரு தடவை கேட்டிருக்கலாம் நான்" என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கீழே ஏதாவது இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

உங்களுக்குப் போன் போடவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். இன்று காலை எட்டு மணி பஸ்ஸில் கிளம்பிவிட்டாள். ஒரே ஒரு பை. வாசல் கேட்டு வரை போனேன். பையைத் தூக்கக் கை நீட்டினேன். அவளே தூக்கிக்கொண்டாள். பஸ் ஏறும் வரை திரும்பிப் பார்க்கவில்லை. இந்தக் கடிதம் வருவதற்கு முன்பே அவள் உங்களிடம் வந்து சேர்ந்திருப்பாள்.

திரும்பி உள்ளே வந்தால், சாப்பாட்டு மேசை மேல் என் மாத்திரைகளைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, காலை, ராத்திரி என்று பெரிய எழுத்தில் எழுதி வரிசையாக வைத்திருக்கிறாள். எப்போது உட்கார்ந்து கட்டினாள் என்று தெரியவில்லை. எண்ணிப் பார்த்தேன். பத்து நாளைக்கு இருக்கிறது.

பத்து நாளில் வந்துவிடுவேன் என்கிறாளா, பத்து நாளுக்குள் வேறு ஆள் பார்த்துக்கொள் என்கிறாளா, எனக்குப் புரியவில்லை. கேட்கிற தகுதி எனக்கு இல்லை. நீங்களும் அவளிடம் கேட்டு எனக்கு எழுத வேண்டாம். பத்தாவது நாள் வரையாவது எனக்குத் தெரியாமல் இருக்கட்டும்.

சம்பந்தி