கடற்பக்கத் தண்டவாளம்

வெள்ளவத்தை,
ஞாயிறு இரவு.

அன்புள்ள அம்மாவுக்கு,

டிலக்ஷி எழுதுகிறேன். எனக்குச் சுகத்தில் குறைவில்லை. அப்பாவுக்கும் காய்ச்சல், தடிமன் என்று ஒன்றும் இல்லை. நீங்களும் பெரியம்மாவும் லண்டன் குளிருக்கு ஒழுங்காக உடுத்திக்கொண்டு நலமாக இருக்க வேண்டும்.

போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். நாங்கள் கதைப்பது அப்பாவின் போனில்தான், கதைத்து முடியும்வரை அவர் பக்கத்துக் கதிரையில் இருப்பார். அவரிடம் கொடு என்று நீங்கள் சொல்வதில்லை. தா என்று அவரும் கேட்பதில்லை. கீழ்வீட்டு நிம்றா தன் போனைத் தருகிறேன் என்றாள். ஆனால் உங்கள் குரலைக் கேட்டால் நான் அழுதுவிடுவேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். நிம்றாவின் பஸீஹா மாமி செவ்வாய்க்கிழமை லண்டனுக்கு வருகிறார், அவரிடம் கொடுத்துவிடுகிறேன். இப்போது குசினிக் கதவைச் சாத்திவிட்டு எழுதுகிறேன். அப்பாவுக்குத் தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது அம்மா. அப்பாவை நினைத்துத்தான் பயம்.

அண்ணாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, நீங்கள் பிளேன் ஏறுவதற்கு முதல் நாள், அப்பா கட்டிலுக்குக் கீழிருந்து அண்ணாவின் விளையாட்டு ரெயில் பெட்டியை வெளியே எடுத்தார். சித்தப்பா அனுப்பிய அந்தப் பெட்டிதான். நீங்கள் கண்டுவிட்டு, "பிள்ளையைப் பறிகுடுத்திட்டு ரெயில் விட்டு விளையாடுற மனுசனை நான் எங்கையும் காணேல்லை" என்றீர்கள். பிறகு, "நீங்கள்தானே அவனுக்கு லைன்ல நடக்கச் சொல்லிக் குடுத்தது" என்றும் சொன்னீர்கள். அப்பா விளையாடவில்லை அம்மா. என்ன செய்தார் என்பதை எழுதுகிறேன்.

அண்ணாவின் கட்டிலில் மெத்தையை எடுத்துவிட்டு, அதன்மேல் ஒரு பெரிய பலகையை வைத்தார். எங்கள் ஒழுங்கை போய் ரெயில் லைனிலும் கடலிலும் முட்டும் இடத்தைத்தான் அதில் சின்னதாகச் செய்தார். அண்ணா ரெயிலில் அடிபட்டதற்கு மரண விசாரணையில் அவருடைய கவனக்குறைவு என்று எழுதினார்கள் அல்லவா? காதில் பாட்டு மாட்டிக்கொண்டு போனவன் என்று ஒழுங்கையில் எல்லாரும் இன்னும் கதைக்கிறார்கள். அந்த ஹெட்செற் அன்று வீட்டு மேசையில் கிடந்தது, நீங்களும் கண்டீர்கள். அப்பா சொன்னார், "புதுக்கடைக் கோர்ட்டில நான் எத்தினை ஆக்ஸிடன்ற் கேஸ் பாத்திட்டன். வாயால சொன்னால் ஒருத்தரும் கேளாயினம். இடத்தைக் காட்டினால்தான் கேப்பினம்." அதனால்தான் இடத்தைச் செய்தார்.

முதலில் அளவு எடுத்தோம். நான் ரேப்பின் நுனியைப் பிடித்தேன், அவர் தண்டவாளம், மதில், புதர் எல்லாவற்றையும் அளந்து எழுதினார். கல்லில் இருந்து தூண்டில் போடுகிற ஒருவர், "மஹத்தயா, பார ஹதனவாத?" என்று சிங்களத்தில் கேட்டார். எங்களைப் பார்க்க றோட்டுப் போட வந்தவர்கள் மாதிரி இருந்திருக்கும். ஹார்ட்வெயார் கடையில் பிளாஸ்டர் ஒவ் பரிஸ் வாங்கும்போது எதற்கு என்று கேட்டார்கள். அப்பா என்னைக் காட்டி, "இஸ்கோலே வெடக், மல்லி" என்றார். என் பள்ளிக்கூட வேலையாம். அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

தண்டவாளத்துக்குக் கீழே போடுகிற கல்லை லைனில் இருந்தே ஒரு பையில் கொண்டுவந்தார். அதை உங்கள் சின்ன உரலில் போட்டு இடித்தார். கோபிக்காதீர்கள், நன்றாகக் கழுவி வைத்திருக்கிறேன். ஒழுங்கை மண்ணுக்குத் தேயிலைச் சக்கையைக் காயவைத்து ஒட்டினோம். அதற்காகவே நாங்கள் இரண்டு பேரும் நிறையத் தேத்தண்ணீர் குடித்தோம். தாழம்புதருக்குச் சட்டி தேய்க்கிற பச்சை ஸ்கொச்பிரைட்டைப் பிய்த்துப் பிய்த்து நட்டேன், விரல் நுனி எல்லாம் எரிந்தது. கரைக் கல்லுக்கு, ரீவிப் பெட்டிக்குள் வருகிற வெள்ளை ரிஜிபோமை வெட்டி, பிளாஸ்டர் பூசி, கறுப்பு அடித்தோம். கடல்தான் கஷ்டம். நீலம் அடித்து மேலே வார்னிஷ் பூச வேண்டும். ஒரு பூச்சு காயாமல் அடுத்தது பூசினால் பால்மாதிரி வெளிறிவிடும். முதல் தடவை அப்படித்தான் ஆகியது. நிம்றா வந்து பார்த்துவிட்டு, "என்னடி இது, ஒங்கட கடல் வெள்ளவத்த கால்வாய் மாதிரி ஈக்குது" என்று சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். அண்ணாவுக்குப் பிறகு அவர் சிரித்து நான் கண்டது அன்றுதான். அடுத்த நாளே சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்பப் பூசினார்.

பெட்டிக்குள் இருந்த சின்ன மனிதர்கள் எல்லாரும் தொப்பியும் கோட்டும் போட்ட வெள்ளைக்காரர்கள். நான் நகவெட்டியால் தொப்பிகளை வெட்டி, முகத்துக்கு மண்ணிறம் அடித்து, இரண்டு பேருக்குச் சாரம் கட்டிவிட்டேன். குடை பிடித்த பெண்ணை மட்டும் அப்படியே விட்டோம். வெள்ளவத்தையில் குடை இல்லாத மாமி உண்டா? அவர்கள் எல்லாரையும் ஒழுங்கையிலும் கரையிலும்தான் நிறுத்தினோம். தண்டவாளத்தில் ஒருவரையும் வைக்க அப்பா விடவில்லை.

வேலை முடியும் கட்டத்தில் அப்பா எனக்கு லைனில் நடக்கிற அந்தப் பழக்கத்தைத் திரும்பவும் விளங்கப்படுத்தினார். உங்களுக்குத் தெரிந்ததுதான். கோட்டைக்குப் போகும் ரெயில் கடற்பக்கத் தண்டவாளத்தில் வரும், கோட்டையில் இருந்து வருவது தரைப்பக்கத்தில். அதனால் தெஹிவளைப் பக்கம் நடப்பவன் கடற்பக்கத்தில் நடக்க வேண்டும், பம்பலப்பிட்டிப் பக்கம் நடப்பவன் தரைப்பக்கத்தில். "ரெயில் முகத்துக்கு நேரை வரவேணும், முதுகுக்குப் பின்னால வரக்கூடாது." எங்கள் வீட்டில் எல்லாரும் இப்படித்தான் நடந்தோம். அன்று அண்ணா ரியூசனுக்குத் தெஹிவளைப் பக்கம் போனார், கடற்பக்கத்தில். ஆனால் அன்று தரைப்பக்கத்தில் தண்டவாளத்துக்குக் கீழே உள்ள சிலிப்பர்கட்டை மாற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்க ரெயிலையும் கடற்பக்கத்தாலேயே விட்டார்கள். கோட்டையில் இருந்து வந்த ரெயில் அண்ணாவின் முதுகுக்குப் பின்னால் வந்தது.

எட்டு நாளுக்கு முதல், சனிக்கிழமை, எல்லாம் ஒட்டிக் காய்ந்துவிட்டது. அப்பா ஒரு நெருப்புக்குச்சியைப் பாதியாக முறித்து, அண்ணாவின் உயரத்துக்குச் சரிபார்த்து, ஒழுங்கை முடிந்து லைனில் ஏறும் இடத்தில் நட்டார். நாடியைப் பலகையில் வைத்துக்கொண்டு, குச்சி நிற்கும் இடத்தில் இருந்து பம்பலப்பிட்டிப் பக்கம் பார்த்தார். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். நான் பார்த்தேன். தண்டவாளம் அங்கே கொஞ்சம் வளைகிறது. வளைவில் தாழம்புதர். ஆட்கள் வேலை செய்த இடமும் அவர்கள் கட்டிய சிவப்புக் கொடியும் புதருக்கு அந்தப் பக்கம். குச்சியில் இருந்து ஒன்றும் தெரியவில்லை. முன்னுக்குப் பார்த்தால் தெஹிவளை வரைக்கும் வெறும் தண்டவாளம்.

நான் சந்தோஷப்பட்டேன் அம்மா. அண்ணாவில் பிழை இல்லை, இனி எல்லாரையும் கூட்டிவந்து காட்டலாம் என்றேன். அப்பா குனிந்து இன்னொருமுறை குச்சியில் இருந்து பார்த்தார். பிறகு, "ஓம் பிள்ளை, அவனில பிழை இல்லை. அவன் நான் சொன்னமாதிரித்தான் நடந்திருக்கிறான். சொல்லுக் கேளாத பிள்ளையெண்டால் மற்றப் பக்கத்தால போய்த் தப்பியிருப்பான்" என்றார். லைற்றை அணைத்துவிட்டு அறையைச் சாத்தினார். அதன்பிறகு அவர் அந்த அறைக்குள் போகவில்லை. ஒருவரையும் கூட்டிவந்து காட்டவும் இல்லை.

இனித்தான் நான் எழுத வந்த விஷயம். திங்கட்கிழமையில் இருந்து அவர் கந்தோர் வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, செருப்பைப் போட்டுக்கொண்டு லைனுக்குப் போகிறார். நான் பின்னால் போய்ப் பார்த்தேன். கடற்பக்கத் தண்டவாளத்தில்தான் நடக்கிறார். ஆனால் பம்பலப்பிட்டியைப் பார்த்து நடக்கிறார். ரெயில் முதுகுக்குப் பின்னால் வருகிற பக்கம்.

வியாழக்கிழமை தெஹிவளையில் இருந்து ரெயில் வந்தது. ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்தது. அப்பா திரும்பவில்லை. தூண்டில் போடுகிறவர் எழும்பி, "மஹத்தயா! மஹத்தயா!" என்று கத்தினார். நானும் கத்தினேன். கடைசியில் அப்பா ஒரு பக்கம் விலகிக் கல்லில் கால் வைத்தார். ரெயில் போனது. என்னைக் கண்டதும் அவருக்கு ஏதோ மாதிரிப் போய்விட்டது. "கடல் இரைச்சலுக்குள்ள சத்தம் கேக்குதோ எண்டு பாத்தனான் பிள்ளை. வேற ஒண்டும் இல்லை" என்றார். தூண்டில்காரர் அப்பாவைப் பார்த்துச் சிங்களத்தில் ஏசினார், பிறகு என்னைப் பார்த்துவிட்டு ஏசுவதை நிறுத்திவிட்டார். வீட்டுக்கு வரும் வழியில் அப்பா, "அம்மாவுக்குச் சொல்லாதை" என்றார். அவர் சொன்ன காரணம் உண்மையாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை செருப்பை ஒளித்துவைத்தேன். அவர் கந்தோர்ச் சப்பாத்தைத் திரும்பவும் போட்டுக்கொண்டு போனார். நேற்றும் இன்றும் நானும் வருகிறேன் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். நான் கூடப் போனால் அவர் லைனில் ஏறுவதில்லை, மரைன் டிரைவ் வழியாக நடந்துவிட்டு எனக்குக் கடலை வாங்கித் தருகிறார். ஆனால் நாளைக்குப் பள்ளிக்கூடம் முடிந்து எனக்கு ரியூசன். போன கிழமை முழுக்கப் போகாததால் சேர் வீட்டுக்குப் போன் எடுப்பேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். கடிதம் உங்கள் கைக்கு வரும்வரை ஏதாவது சாட்டுச் சொல்லி அவரோடு நிற்பேன், அதற்குப் பிறகு முடியாது.

அந்தப் பழக்கத்தில் பிழை இல்லை என்று நான் அப்பாவிடம் சொன்னேன். அதனால்தானே நாங்கள் இவ்வளவு காலமும் பத்திரமாக நடந்தோம் என்றும் சொன்னேன். அவர் என் தலையைத் தடவினார், அவ்வளவுதான். நான் சொன்னால் அது பிள்ளையின் கதை. "நீங்கள்தானே சொல்லிக் குடுத்தது" என்ற அந்த வார்த்தையைச் சொன்னது நீங்கள்.

இன்னொன்றும் எழுத வேண்டும், கோபிக்காதீர்கள். அண்ணாவுக்குச் சொல்லிக்கொடுத்தது அப்பா. எனக்குச் சொல்லித் தந்தது அப்பா இல்லை, நீங்கள். நான் சின்னவளாக இருந்தபோது உங்கள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வருவேன். "இஞ்சாலை வா, முகத்துக்கு நேரை வரட்டும்" என்று கடற்பக்கம் இழுத்துக்கொண்டு போவீர்கள். எனக்கு அன்று ஒன்றும் நடக்கவில்லை. அதைக் குற்றமாக எழுதவில்லை அம்மா. அதை அப்பாவுக்கும் ஒருமுறை ஞாபகப்படுத்தினால் நல்லது என்று நினைத்தேன். நான் சொல்வதைவிட நீங்கள் சொன்னால் அவர் கேட்பார்.

உங்களுக்கு அவரிடம் அப்படிச் சொல்ல மனம் வராவிட்டால் வேண்டாம். திரும்பி வருவது பற்றியும் நான் கேட்கவில்லை. ஏசுவதென்றால் ஏசுங்கள். கரண்ட் பில் கட்டியாகிவிட்டதா, மாடித் தண்ணீர்த் தாங்கியைக் கழுவினார்களா என்று ஏதாவது கேளுங்கள். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தால் போதும். அவர் ஐந்து மணிக்குப் பிறகு வீட்டுக்கு வருவார். உங்களுக்கு அது மத்தியானச் சாப்பாட்டு நேரம். பஸீஹா மாமி கடிதம் தந்த அன்றே போன் எடுங்கள். என்னைக் கேட்காமல் அவரைக் கேளுங்கள். இருட்டினால் அவர் லைனுக்குப் போவதில்லை. இங்கே நன்றாக இருட்டின பிறகு போனை வையுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
டிலக்ஷி