வட அட்லாண்டிக்கில் அப்பா

திருவண்ணாமலை
3.2.2008

அன்புள்ள மாறனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் அப்படியே இருப்பாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இதை உன் கம்பெனியின் சென்னை அலுவலகத்துக்கு அனுப்பினால் அடுத்த துறைமுகத்தில் கப்பலில் சேர்த்துவிடுவார்களாம். அடுத்த துறைமுகம் எது என்று கேட்டேன். அவர்களுக்கே தெரியவில்லை.

கல்லூரியில் விடைத்தாள் திருத்தி முடித்தாயிற்று. புள்ளியியல் மாணவிகளில் பாதிப் பேர் சராசரி என்றால் என்னவென்று தெரியாமலே பாஸாகிவிடுகிறார்கள். கீழ்பென்னாத்தூரில் பெரியப்பா மார்கழிப் பட்டத்தில் வேர்க்கடலை போட்டிருக்கிறார். கரண்ட் அடிக்கடி போகிறது.

இனி அப்பா. நீ கம்ப்யூட்டரில் விட்டுப்போன நீர்மூழ்கிக் கப்பல் விளையாட்டை அவர் ஆடுகிறார். தீபாவளிக்கு முன்பே ஆரம்பித்துவிட்டார். தானாக நின்றுவிடும் என்று நினைத்ததால் உனக்கு எழுதவில்லை. நிற்கவில்லை. உலகப் போர் காலத்து நீர்மூழ்கி, அப்பாதான் கேப்டன், வட அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல்களைத் தேடிப்போய் மூழ்கடிக்க வேண்டும். நீ சரக்குக் கப்பலின் இஞ்சின் ரூமில் வேலைக்குப் போனதை ஒத்துக்கொள்ளாத மனிதர் எடுத்துக்கொண்ட விளையாட்டு இது. அதைக் கவனித்துக்கொண்டேன்.

பொங்கலுக்கு முன் அந்தக் கடலில் புயல் பிடித்தது. இன்னும் விடவில்லை. மேலே வந்தால் ஆட்களை மேல்தளத்துக்கு அனுப்ப முடியாது, அதனால் பீரங்கி வீண். பெரிஸ்கோப்பைத் தூக்கினால் தண்ணீர்தான் தெரிகிறது. அப்பா கீழே இறங்கி, பேட்டரி தீராதபடி மெதுவாக ஓட்டிக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டி, தூரத்துக் கப்பல்களின் சத்தத்துக்காக உட்கார்ந்திருக்கிறார். பேட்டரி தீர்ந்தால் மேலே வந்து அலையில் அடிவாங்குகிறார். சார்ஜ் ஏறியதும் மறுபடி கீழே. ஆட்டத்தைச் சேமித்துவிட்டு மறுநாள் திறந்தால் அதே காற்று, அதே அலை.

இத்தனை நாள் ஒரே வேகத்தில் காற்று வீசினால் அது வானிலை இல்லை, ப்ரோக்ராம் பிழை என்று சொன்னேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “செங்கத்துல நான் வேளாண்மை ஆபீசரா இருந்தப்ப ஆடியிலேருந்து கார்த்தி வரைக்கும் ஒரு சொட்டு விழல. அதுவும் பிழைதானா?” என்றார்.

ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்கள் போகும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடினேன். பல தேசத்து ஆண்கள் இதே புயலைப் பற்றிப் புலம்பி வைத்திருக்கிறார்கள். பிழைதான். இரண்டு வழி சொல்கிறார்கள். ஒன்று, சேமித்த கோப்பைத் திறந்து காற்றின் வேகத்தைக் கையால் குறைத்துவிடுவது. மற்றது, துறைமுகத்துக்குத் திரும்பிவிட்டு மறுபடி கிளம்புவது, அப்போது வானிலை புதிதாக அமையும். முதலாவதைச் சொன்னபோது, “நெஜமா கடல்ல இருக்கறவனுக்கு அந்த வசதி இருக்குதா?” என்று கேட்டார். இரண்டாவதற்கு, “ஒரு டார்பிடோ குண்டுகூட விடாம எந்த மூஞ்சிய வெச்சிக்கினு திரும்பறது?” என்றார். நான் சமையலறைக்கு வந்துவிட்டேன்.

போன வாரம் ஒரு சரக்குக் கப்பலின் சத்தம் அகப்பட்டது. ஒரு சாயங்காலம் முழுக்க அதன் பின்னாலேயே போனார். சுடவில்லை. ஏன் என்று கேட்டேன். இந்த அலையில் குறி நிற்காது என்றார். சற்றுப் பொறுத்து, “அந்த மாதிரிக் கப்பல்ல இஞ்சின் ரூம் எங்க இருக்கும்?” என்றார். எனக்குத் தெரியாது. நீ எழுதினால் சொல்கிறேன்.

நீ கிளம்பிய அன்று கீழ்பென்னாத்தூருக்குப் போய் உட்கார்ந்துகொண்டவர் இன்றுவரை உன் பெயரைச் சொன்னதில்லை. உறவினர்களும் அவர் முன்னால் உன் பேச்சை எடுப்பதில்லை. நீ போன் செய்யும்போதெல்லாம் மோட்டார் போட எழுந்து போகிறாரே, தொட்டி நிரம்பித்தான் இருக்கிறது.

மார்ச் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது என்றாய். பிறகு என்ன என்று சொல்லவில்லை. எழுது. வேளைக்குச் சாப்பிடு.

அம்மா

திருவண்ணாமலை
25.2.2008

அன்புள்ள மாறனுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கப் போவதாகவும், கப்பல் சிங்கப்பூர் சேர்ந்ததும் கையெழுத்துப் போடுவதாகவும் எழுதியிருக்கிறாய். அப்பா வீட்டில் இருந்தும் இல்லாத மாதிரி இருக்கும்போது வந்து என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்வி. சென்ற மாதம் என்றால் எனக்கும் பதில் இருந்திருக்காது.

இஞ்சின் ரூம் கப்பலின் பின்பக்கம், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே என்று நீ எழுதியதை மட்டும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். “அங்கதான் அடிக்கணும்னு இந்த ஆட்டத்துல போட்டிருக்கான்” என்றார். ஹெட்போனைக் கழற்றி வைத்தார். அன்று மேற்கொண்டு ஆடவில்லை.

உன் ஒப்பந்த விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. அதற்குக் காரணம் உன் கடிதத்துக்கு முன்பு இங்கே நடந்த ஒன்று.

மாசிப் பௌர்ணமிக்குக் கஸ்தூரி அத்தை கிரிவலம் வந்தாள். பையை வைக்க வீட்டுக்குள் வந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன். அப்பா ஹெட்போனோடு, பக்கத்து வீட்டுத் தசரதனிடம் கதை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். ஹெட்போன் போட்டவர்கள் எவ்வளவு சத்தமாகப் பேசுவார்கள் என்பது உனக்குத் தெரியும். “ஒரு மாசத்துக்கு மேல ஆவுது, புயல் விட்டபாடில்ல. மேல வந்தா அலை தூக்கி அடிக்குது. கப்பல் அடியிலயே கெடக்குது” என்றிருக்கிறார். வாசலில் நின்ற அத்தை அதைக் கேட்டாள். உன் கப்பல் என்று நினைத்தாள். உள்ளே வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். கேட்கவில்லை. பையை வைத்துவிட்டு நேரே கோயிலுக்குப் போய்விட்டாள். மலையைச் சுற்றி முடிப்பதற்குள் கூட வந்தவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. அவர்களில் பாதிப் பேரிடம் செல்போன் இருக்கிறது.

மறுநாள் காலையில் முதல் போன் அப்பாசாமி பெரியப்பா. அப்பாதான் எடுத்தார். “தருமா, கப்பல் முழுகிட்டுதாமேடா” என்று பெரியப்பா கேட்டிருக்கிறார். இவருக்கு யார் சொன்னது என்ற ஆச்சரியத்தோடு அப்பா, “முழுகலண்ணா, நாந்தான் கீழ எறக்கி வெச்சிருக்கேன். பேட்டரி தாங்கும்” என்றார். அந்தப் பக்கம் ஓவென்று அழுகை எனக்கே கேட்டது. பையனை நினைத்து இவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பெரியப்பா முடிவு கட்டிவிட்டார். விஷயம் பிடிபட்டதும் அப்பா ரிசீவரை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, “மாறனுக்கு ஒண்ணுமில்லண்ணா. மாறன் நல்லா இருக்கான்” என்றார்.

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

அதோடு போகவில்லை. கீழ்பென்னாத்தூர், அடி அண்ணாமலை, சென்னை என்று மதியம் வரை மணி அடித்தது. என்னை எடுக்க விடவில்லை. ஒவ்வொருவரிடமும் உன் பெயரைச் சொல்லியாக வேண்டியிருந்தது. முதலில் நல்லா இருக்கான் என்பதோடு நிறுத்தினார். பிறகு, “நேத்துகூடப் பேசினேனே” என்று சேர்த்துக்கொண்டார். முருகையன் மாமா நம்பாமல் குறுக்குக் கேள்வி கேட்டிருப்பார் போலிருக்கிறது, “சித்திரையில வரான், வந்ததும் நீயே பாரு” என்றார். அதற்கப்புறம் போன் செய்த எல்லோருக்கும் சித்திரைதான். தேதி கேட்டவர்களுக்கு, கப்பல்காரன் தேதி எப்படிச் சொல்ல முடியும், காற்று மழையைப் பொறுத்தது என்று விளக்கம் வேறு.

மதியத்துக்கு மேல் அத்தை வந்தாள், கை நிறைய விபூதியோடு, கண் வீங்கிப்போய். அப்பாவுக்குக் கோபம் ஜாஸ்தியாகிவிட்டது. “உள்ள வந்து என்னை ஒரு வார்த்த கேட்டா என்னாடி?” என்று சத்தம் போட்டார். அத்தையும் விடவில்லை. “உன்னாண்ட அவன் பேச்ச எடுத்தா எழுந்து போயிடுவ. அப்புறம் யாருண்ணா கேப்பா?” என்றாள். என்னிடம் திரும்பி, “நீங்களே சொல்லுங்க அண்ணி, கேக்கற மாதிரியா வெச்சிருக்குது இவரு?” என்றாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு அவளை பஸ் ஏற்றிவிடப் போனார்.

அன்று மாலை கம்ப்யூட்டரைப் போட்டார். வழக்கம்போல் கீழே இறங்குவார் என்று நினைத்தேன். மேலே கொண்டுவந்து, வரைபடத்தில் துறைமுகத்தை நோக்கிக் கோடு போட்டார். டார்பிடோக்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. புயலும் அப்படியே. அலை எதிரே அடிப்பதால் தினமும் ஒரு விரற்கடை தூரம்தான் நகர்கிறது. இவ்வளவு மெதுவாகவா என்று கேட்டேன். “இந்தக் காத்துல இப்படித்தான் போவும்” என்றார். திரையில் வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறம். அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்று நினைப்பாய். முடியாது. மணி அடித்தால் இப்போது அப்பா மோட்டார் போடப் போவதில்லை. பக்கத்திலேயே நிற்கிறார். வாங்கிப் பேசுவதில்லை, நிற்கிறார். அதனால்தான் சிங்கப்பூரில் உன் கைக்குக் கிடைக்கும்படி கூரியரில் அனுப்புகிறேன்.

கையெழுத்துப் போடுவது உன் இஷ்டம். இருபத்து நான்கு வயதுப் பையனுக்கு இதைச் செய் அதைச் செய் என்று நான் எழுதப்போவதில்லை. வேலை உனக்குப் பிடித்திருக்கிறது, அதை விடும்படி யாரும் கேட்கவில்லை. இடையில் ஒரு மாதம் வந்து போனால் கம்பெனி உன்னை மறந்துவிடாது என்று மட்டும் தோன்றுகிறது. தவறாகவும் இருக்கலாம்.

நீ வராவிட்டால், சித்திரையில் வருவதாக அப்பா சொன்ன அத்தனை பேருக்கும் இல்லை என்று யாராவது சொல்லியாக வேண்டும். அவர் சொல்ல மாட்டார். மறுபடி உன் பெயரை எடுக்காமல் இருந்துவிடுவார், அது அவருக்குப் பழக்கம். நான்தான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டி வரும். எனக்கு அந்த வேலை வேண்டாம், மாறா.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா