சுவர்ப் பக்கம்

நாமகிரிப்பேட்டை

அன்புச் சாமி நர்மதாவுக்கு, மூவுலகிலும் ஈடில்லாத உன் சித்தப்பன் மாதேஸ்வரன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளை அறிவழகனும் புனேயில் சுகமாயிருக்க வேண்டுகிறேன். இங்கும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், லட்சம் பொய் சொன்ன வாய்தான், கைக்கு மட்டும் அந்த ஒரு பொய் வரமாட்டேங்குது. உங்கப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பதினெட்டு நாளாகிறது. பேச்சில்லை. ஒரு தும்மலில் மஞ்சள் மண்டிக் கூரையைப் பறக்கவிட்ட மனுசன், இப்போது ஒரு மடக்குக் கஞ்சி இறங்க அரை மணி நேரம். இந்த மாதம் தாண்டாது என்கிறார் டாக்டர். நீ போன் நம்பரை மாற்றிவிட்டாய், உன் சிநேகிதி ஜெயப்பிரியா காலில் விழாத குறையாக இந்த விலாசத்தை வாங்கினேன்.

நீ வேற சாதியில் கட்டிக்கொண்டாய் என்று, உன்னைச் செத்தவளாக்கிக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினோமே, அதை அடித்துக்கொண்டு வந்தவன் நான்தான் சாமி. ராசிபுரத்துக் காக்கா கூடப் படிக்கட்டும் என்று சிரித்துக்கொண்டே ஒட்டினேன். அந்தச் சிரிப்பு இன்னும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. உங்கப்பா ஊரே பார்க்க உன் போட்டோக்களை வாசலில் கொளுத்தினார், மீசையை எடுத்தார், தலை முழுகினார். வருசம் திரும்பியதும் திதி கொடுக்கலீங்களா என்று பங்காளிகள் கேட்டதற்கு, உசுரோட இருக்கற புள்ளைக்கு எவன்டா திதி குடுப்பான் என்று செருப்பைத் தூக்கினார். அப்போதும் என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. போன செவ்வாய் விரிப்பு மாற்றக் கட்டிலை இழுத்தேன். தலையணை மறைக்கிற உயரத்தில், அந்தப் போஸ்டரிலிருந்து உன் முகத்தை மட்டும் வெட்டிச் சுவரில் ஒட்டியிருக்கிறார். கன்னம் விரல் பட்டுப் பட்டு வெளுத்துக் கிடக்கிறது. படுத்துத் திரும்புகிறவருக்கு மட்டும்தான் அது தெரியும். நேற்று சொந்தமெல்லாம் கூடியிருக்கையில், நர்மதாவை வரச் சொல்லட்டுங்களாண்ணா என்று கேட்டேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சாகற காலத்துலயும் ரோசம் போகலை பாருங்க என்று உன் அத்தை ஜோதி மூக்கைச் சிந்தினாள். அவர் இத்தனை வருசம் மறைத்ததைச் சபையில் போட்டுடைக்க நான் யார்.

கடிதம் கண்டதும் மாப்பிள்ளையோடு புறப்படு. சேலம் ஜங்சனில் நிற்பேன், தடுக்க வருகிறவனை ஒரு கையால் காவிரியில் வீசிவிட்டு மறு கையால் உன் பெட்டியைத் தூக்குவேன். இருவரும் நூறு வருசம் நல்லாயிருங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். உன்னைப் பார்த்ததும் அவர் சுவர்ப் பக்கம் திரும்பினால் அழுதுகொண்டு வெளியே வந்துவிடாதே. கட்டிலை இழுத்துப்போட்டு, அந்தப் பக்கம் போய் நில்.

இப்படிக்கு,
போஸ்டர் ஒட்டிய பாவி,
உன் சித்தப்பன் மாதேஸ்வரன்