முதல் மாடி நடுச்சுவர்

ஜூன் 9, திங்கள்

வெயில் கொளுத்தல். கத்தரி முடிந்தது காலண்டருக்கு மட்டும்தான் தெரியும் போல. மொட்டை மாடியில் கடைசித் துணியைப் போடுவதற்குள் முதல் துணி காய்ந்துவிட்டது.

செய்ய வேண்டியவை: கேஸ் புக் பண்ண. மிக்ஸி ஜார் பிளேடு. இவருக்கு பிரஷர் மாத்திரை. பட்டா நகல் இரண்டு, இன்ஜினியர் பிரபு கேட்டான்.

மேல் வீட்டு அம்மா இன்றும் கேட்டார். "உங்க சொந்த வீடு என்னாச்சுங்க?" இன்றும் முழுக் கதையையும் சொன்னேன். மண்ணூர்பேட்டையில் பழைய வீடு. மாமனார் மகன்கள் இருவரோடு மருமகள்கள் பெயரையும் சேர்த்து எழுதிவைத்த இடம். அதில் அடுக்குமாடி கட்டப் போகிறோம். கீழே வண்டி நிறுத்த, மேலே மூன்று மாடி, மாடிக்கு இரண்டு வீடு. முதல் மாடியில் ஒன்று எங்களுக்கு, பக்கத்து வீடு இவர் தம்பிக்கு. மண்டல ஆபீஸ் அனுமதி வரவில்லை. அதற்குள் அண்ணனும் தம்பியும் அவசரப்பட்டு வீட்டை இடித்துவிட்டார்கள். இரண்டு குடும்பத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ள எந்த ஓனருக்கும் தைரியம் வரவில்லை. நாங்கள் முகப்பேரில், அவர்கள் கரையான்சாவடியில். "ஐயோ பாவம்" என்றார். எனக்கென்ன பாவம்? நிம்மதியாக இருக்கிறேன்.

ஆனி முடிவதற்குள் அனுமதி வந்தால் பூஜை போட்டுவிடலாம். ஆடி பிறந்துவிட்டால் இவர் ஒருத்தரையும் கடப்பாரையைத் தொட விடமாட்டார். அப்புறம் ஆவணி. அப்புறம் மழை.

இங்கே மட்டும் ஒரு விஷயம். பிளான் போடும்போது பிரபுவைத் தனியாகக் கூப்பிட்டு, இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரில், பின்பக்கம் துணி துவைக்கும் இடத்தில் ஒரு கதவு வைக்கச் சொன்னேன். எதுக்குக்கா என்றான். மோட்டார் சுவிட்ச் என் பக்கம் வருகிறது, தண்ணீர் இல்லையென்றால் அவர்கள் சுற்றிக்கொண்டு வர வேண்டாமே என்றேன். இவருக்குத் தெரியாது. கலாவுக்குத் தெரியவே கூடாது.

கலா என் ஓரகத்தி. வந்த நாளிலிருந்து ஒரே அடுப்படி. எதற்கெல்லாம் சண்டை போடவில்லை என்று எழுதினால் பட்டியல் சின்னதாக இருக்கும். சாமான் ஏற்றிய அன்று லாரி பக்கத்தில் நின்றுகொண்டு, "இனிமே என் கிச்சன்ல நான்தான்க்கா ராணி" என்றாள். "எனக்கும் காது ஆறும்" என்றேன். அப்படிச் சொல்லிவிட்டுக் கதவு கேட்டது தெரிந்தால் மானம் போகும்.

ஜூன் 11, புதன்

அதே வெயில். கரண்ட் இரண்டு தடவை போனது.

சின்னவர் (கொழுந்தனார்) வேலைக்குப் போகிற வழியில் தூக்கில் காரப்பொடி மீன் குழம்பு கொண்டுவந்தார். கலா கொடுத்தனுப்பியது. உப்பு தூக்கல். இரண்டு வேளையும் அதையே சாப்பிட்டு முடித்தேன். காலித் தூக்கு அனுப்பக் கூடாது. ரவை உருண்டை பிடித்து வைத்தேன்.

போன் வந்தது.

"கொழம்பு எப்டிக்கா கீது?"

"உப்பு."

"அளவாத்தான்க்கா போட்டேன்."

"சரி, அது உன் அளவு."

வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கூப்பிட்டு, இட்லி அரிசி எந்தக் கடையில் வாங்குகிறாய் என்றாள். அவளுக்குத் தெரியும். எனக்குக் காட்டியதே அவள்தான். சொன்னேன்.

ஜூன் 14, சனி

சாயங்காலம் நல்ல இடி மழை. பால்கனியில் வைத்த கடுகு நனைந்து போச்சு.

மழையோடு பிரபு வந்தான். மண்டல ஆபீஸிலிருந்து விளக்கம் கேட்டிருக்கிறார்களாம். சின்னவரும் இருந்தார். பிளானை ஹால் தரையில் விரித்தான். சுருட்டிக்கொண்டே வந்தது. நாலு மூலைக்கும் ரிமோட், சாவிக்கொத்து, சின்னவர் ஹெல்மெட், இவர் மாத்திரை டப்பா.

"மொத மாடி நடுச்சுவர்ல ஓபனிங் காட்டியிருக்கீங்க, காரணம் இன்னான்னு கேட்டுக்கீறாங்க" என்றான்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. டீ போடுகிறேன் என்று எழுந்தேன்.

"ரெண்டு ஓபனிங்" என்றான்.

இரண்டா? நான் கேட்டது ஒன்றுதானே.

இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "இன்னாடா பிரபு, ஒரு சொவுத்துக்கு ரெண்டு கதவா? யார்ரா கேட்டது?" பிரபு மின்விசிறியைப் பார்த்தான்.

அண்ணனும் தம்பியும் நனைகிற வண்டியை நகர்த்தக் கீழே போனார்கள். பிரபுவை அடுப்படிக்குள் கூப்பிட்டு, இன்னொரு கதவு யாருடையது என்று கேட்டேன்.

"கலாக்கா சொன்னாங்க. சமையல் ரூம்லேர்ந்து சமையல் ரூமுக்கு. யார்கிட்டயும் சொல்லாதன்னாங்க. நீங்களும் அதான் சொன்னீங்க. நான் இன்னாக்கா பண்றது? ரெண்டயும் போட்டேன்."

"எதுக்குன்னு சொன்னா?"

"கேஸ் தீந்துச்சுன்னா அவசரத்துக்குன்னாங்க."

அவளிடம் சிலிண்டர் இரண்டு இருக்கிறது.

பிரபுவுக்கு டீயைக் கொடுத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கிற மாதிரி திரும்பி நின்றேன். அழுதேன். சிரிப்பும் வந்தது. டீயில் சர்க்கரை போடவில்லை என்று பிறகுதான் ஞாபகம் வந்தது. பாவம், குடித்துவிட்டுப் போயிருக்கிறான்.

ஜூன் 16, திங்கள்

புழுக்கம். மிக்ஸி ஜார் வந்துவிட்டது. மாத்திரை வாங்கியாச்சு.

கலாவிடம் போனில் ரொம்ப நேரம் பேசினேன். மழை, அவள் சின்னப் பெண் பல்லுக்குக் கம்பி போட்டது, என் பையன் ஓசூரிலிருந்து வருவானா மாட்டானா, பூவிருந்தவல்லி சாலையில் டிராபிக். கதவைப் பற்றி நானும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. பிரபு அவளிடமும் உளறியிருப்பான். அவன் வாயில் என்ன நிற்கும்?

இவருக்கும் சின்னவருக்கும் வாக்குவாதம்.

இவர்: "சொவுருன்னு காட்டி வாங்கிக்கலாம். அப்பால ஒடச்சிக்கலாம். ஊர்ல எல்லாம் அப்டித்தான் பண்றான்."

சின்னவர்: "கட்டி முட்ச்சதும் வந்து பாப்பாங்கண்ணா. மாத்தியிருந்தா கரண்ட் கனெக்‌ஷன் குட்க்க மாட்டான். அப்ப உன் மூஞ்சில விசிறியால வீசிகினு உக்காரு."

சின்னவர் சொல்வது சரி. இவர் கோபத்தில் என் பங்கு முறுக்கையும் சாப்பிட்டார்.

ஜூன் 19, வியாழன்

காலையிலேயே அனல். மண்டல ஆபீஸ் உதவிப் பொறியாளர், ஏ.இ. மேடம், இடத்தைப் பார்க்க வந்தார். நாங்கள் நாலு பேரும் மனையில் நின்றோம். பின்னால் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் பட்டறைச் சத்தம். கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

கலாவைப் பார்த்துப் பல நாள். கறுத்திருக்கிறாள். புதுச் செருப்பு. "இளைச்சிட்டக்கா" என்றாள். இல்லை. நாலு ஜாக்கெட் இறுக்கிப் பிடிக்கிறது. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

ஏ.இ. மேடம் சின்ன வயசுதான். தென்காசிப் பக்கம் போல, பேச்சில் தெரிந்தது. ஒரு கையில் குடை. டேப் பிடித்து முன்பக்கம் விடும் இடம், பக்கவாட்டு இடம் எல்லாம் அளந்தார். எல்லாம் சரி. கடைசியில் பிளானை விரித்தார்.

"நடுச்சுவர்ல கதவு வராதும்மா. ரெண்டு தனி வீடுன்னா சுவர் முழுசா இருக்கணும். நாளைக்கு ஒரு வீட்டை வித்தா வாங்குறவங்க என்ன செய்வாங்க? ஒரு பக்கம் தீப்பிடிச்சா? இல்லன்னா ரெண்டையும் சேர்த்து ஒரே வீடா காட்டுங்க, ஒரே அடுக்களையா. எதுன்னு முடிவு பண்ணி பதில் போடுங்க, நான் தாமதம் பண்ண மாட்டேன்." பிறகு, "எதுக்குங்க ரெண்டு கதவு?" என்றார்.

"மோட்டார் சுவிட்ச்" என்றேன். "கேஸு" என்றாள் கலா. ஒரே நேரத்தில்.

மேடம் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிளானை மடித்துக்கொண்டு, "எங்க அம்மாவும் சித்தியும் இப்படித்தான்" என்றார். இவருக்கும் சின்னவருக்கும் இன்னும் புரியவில்லை. மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், இரண்டு பேரும் ஒரே மாதிரி.

ஒரே வீடு, ஒரே அடுப்படி என்று மேடம் சொன்னதுமே மனசுக்குள் சரி என்று சொல்லிவிட்டேன். வாயைத் திறந்து சொல்லப் போனேன். அதற்குள் கலா முந்திக்கொண்டாள்.

"சொவுரே இருக்கட்டும் மேடம். முழுசா."

வீட்டுக்கு வந்ததும் சமைக்கத் தோன்றவில்லை. தயிர்சாதம்.

ஜூன் 20, வெள்ளி

யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. கலா போன் இரண்டு தடவை. எடுக்கவில்லை.

கதவு கேட்டவளும் அவள்தான். சுவர் வேண்டும் என்றவளும் அவள்தான். என்னோடு ஒரே அடுப்படி என்றதும் பயந்துவிட்டாள். அவ்வளவு மோசமாகவா இருந்தேன்? இருந்திருப்பேன்.

"நீதான காது ஆறும்னு சொன்ன, இப்ப ஏன் மூஞ்சத் தூக்கி வச்சினுகீற?" இவர். கீழே போய் வாழைக்காய் பஜ்ஜி வாங்கிவந்து டி.வி. மேல் வைத்துவிட்டுப் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்தார். பேப்பர் நேற்றையது.

பஜ்ஜி நன்றாக இருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

மேகமூட்டம், மழை இல்லை. பதில் கடிதத்தில் நாலு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஆண்கள் காலையிலேயே போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். நானும் கலாவும் மண்டல ஆபீஸ் வாசலில் பிரபுவைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டோம். 'தனித்தனி வீடுகள், நடுச்சுவரில் திறப்பு இல்லை.' பேனா எழுதவில்லை. உதறி உதறிப் போட்டேன்.

எதிரில் கரும்பு ஜூஸ். ஷேர் ஆட்டோ ஒன்று வந்தது. இரண்டு பேரும் ஏறவில்லை.

"ஏன்டி சுவர்னு சொன்ன?" என்று கேட்டே விட்டேன்.

"ஒரே கிச்சன்னா மறுக்கா அடிச்சிப்போம்க்கா. உங்கூட சண்ட போட்டு எனுக்கு அலுத்துட்சி."

"அப்ப எதுக்குக் கதவு கேட்ட?"

"நீ எதுக்கு கேட்ட?"

ஜூஸ்காரர் இன்னொரு கரும்பை மடித்து உள்ளே விட்டார்.

"காத்தால எழுந்தா உன் இருமல் சத்தம் கேக்கும். இப்ப கேக்க மாட்டேங்குது. இன்னாமோ மாரி கீதுக்கா" என்றாள். "அதுக்குத்தான் கேட்டேன். அப்பால யோசிச்சேன். கதவு இருந்தா தட்டாம உள்ள வந்துடுவேன். உன் டப்பாவ தொறந்து பாப்பேன். நீ கத்துவ. வாசல் பக்கமா சுத்திகினு வந்து பெல் அடிச்சன்னா நான் விருந்தாளி. விருந்தாளிகிட்ட யாரும் கத்த மாட்டாங்க இல்ல? இத்தினி வருஷத்துல ஒரு தபா கூட நான் உன் ஊட்டுக்கு வந்ததில்லக்கா. நெனச்சி பாரு."

நினைத்துப் பார்த்தேன். ஆமாம். ஒரே வீட்டில் இருந்தால் எப்படி வருவது?

அவள் டம்ளரில் ஜூஸ் மிச்சம் இருந்தது. அதையும் நானே குடித்தேன். "பல்லி மாரி ஒட்டிகினு நிக்காத, ஆட்டோ வருது பாரு" என்றாள். கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள்.

ஜூன் 27, வெள்ளி

விடிகாலையில் மழை. குளிர்ச்சி.

திருத்திய பிளானை பிரபு போனில் அனுப்பினான். நடுவில் கெட்டியாக ஒரு கோடு, முன்னாலிருந்து பின்னால்வரை. பெரிதாக்கிப் பார்த்தேன். அவள் படுக்கையறைச் சுவரும் என் படுக்கையறைச் சுவரும் ஒன்றுதான். இருமினால் கேட்கும்.

பிரபுவிடம் சொன்னேன், அந்தச் சுவரை ரொம்பக் கனமாகக் கட்டாதே என்று. "அதுக்கும் அளவு கீதுக்கா, நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றான். சரி, நான் இன்னும் சத்தமாக இருமிக்கொள்கிறேன்.

ஜூலை 2, புதன்

வெயில், காற்றும் உண்டு. பத்து மணி வாக்கில் இவர் போனுக்கு மெசேஜ். அனுமதி வந்துவிட்டது. இரண்டு தடவை படித்துக் காட்டச் சொன்னார். மூன்றாவது தடவை அவரே சத்தமாகப் படித்தார். ஆனிக்குள் வந்துவிட்டது. பூஜைக்கு நாள் பார்க்க ஐயரிடம் ஓடிவிட்டார், சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டுக்கொண்டு.

வாங்க வேண்டியவை: செங்கல் ஒன்பது (ஐயர் சொன்னபடி). நவதானியம். பால். தேங்காய். வெல்லம் (சின்னவரை வாங்கிவரச் சொல்ல).

மூன்று மணிக்கு பெல். கொரியர் என்று நினைத்துக் கதவைத் திறந்தேன். கலா. நல்ல புடவை, தலையில் பூ, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். போன் பண்ணாமல் கரையான்சாவடியிலிருந்து பஸ் மாறி வந்திருக்கிறாள். செருப்பை வெளியில் ஒழுங்காகக் கழற்றிவைத்தாள்.

"வாங்க" என்றேன். என்னை அறியாமல் வந்துவிட்டது. அவளும் சிரிக்கவில்லை. "நல்லா கீறீங்களாக்கா" என்றாள்.

சோபாவில் உட்காரவைத்தேன். ஃபேன் போட்டேன். தண்ணீர் கொடுத்தேன். நல்ல டம்ளரில் காபி, டிகிரியாக. அவள் ஹாலைச் சுற்றிப் பார்த்து, ஸ்கிரீன் கலர் நல்லா கீது என்றாள். அடுப்படிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பாள்.

குடித்து முடித்ததும் பழக்கத்தில் டம்ளரோடு எழுந்தாள். என் டம்ளரையும் சேர்த்து எடுத்துக்கொண்டாள். "வை" என்று கையிலிருந்து வாங்கினேன். கொஞ்சம் தயங்கிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

மூத்த மருமகள் என்று இத்தனை வருஷமாக என் எச்சில் டம்ளரை அவள்தான் கழுவினாள். அவளுடையதை இன்றுதான் நான் கழுவினேன்.