கம்புக்கு இந்தாண்ட

கடலைப் பார்த்ததும் வேட்டியை மடித்துக் கட்டிவிடும் என் அப்பாவுக்கு,

தேசப்பன் மாமா இன்று போன் பண்ணினார். மில்லில் உன்கூட ஒரே ஷிஃப்ட் பார்த்தவர். கடலூரைத் தாண்டி, ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கும் அவர் வீட்டுப் பின்னறைதானே வருஷா வருஷம் மே மாதம் பத்து நாள் நம் வீடு? அறைக்கு வெள்ளையடித்துவிட்டாராம். வருகிறோமா இல்லையா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்கிறேன் என்றேன்.

போன மே மாதம் நடந்ததை உனக்கு நான்தான் சொல்ல வேண்டும். தப்பு என்னுடையது.

நீ போய்ச் சேர்ந்த பிறகு நாங்கள் அங்கே போன முதல் தடவை அது. பையைக்கூடப் பிரிக்காமல், கூரை எரவாணத்தில் செருகியிருந்த உன் சவுக்குக் கம்பை எடுத்தேன். நுனியில் நீ கட்டிய சிவப்புத் துணி வெளுத்துப் போயிருந்தது. சின்ன வயதில் நானும் தம்பியும் எழுந்து ஓடி வரும்போதே அந்தக் கம்பு ஆற்றில் நின்றிருக்கும். அதைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும், அதுதானே நம் சட்டம்? ஒற்றைப் பனைக்கு நேரே, உன் இடுப்பளவுத் தண்ணீரில். அந்த இடம் எனக்கு மனப்பாடம்.

அதனால் கரையிலிருந்து நேராக நடந்துபோய் நட்டேன். தண்ணீர் என் இடுப்புக்குத்தான் இருந்தது. திரும்பி வந்து உன் பேத்தி யாழினியிடம், "தாத்தா கம்புக்கு இந்தாண்ட எங்க வேணா ஆடு, பயமே இல்ல" என்று சொன்னேன். என் வாயால் சொன்னேன் அப்பா.

அவள் கம்பைத் தாண்டவே இல்லை. கம்புக்கு இந்தப் பக்கம், இடது கைப் பக்கமாக ஒரு பத்தடி தள்ளிப் போனாள். சிரித்துக்கொண்டே திரும்பினாள். அடுத்த நிமிஷம் அங்கே வெறும் தண்ணீர்தான் இருந்தது.

எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. என் காலுக்கும் தரை இல்லை. கையில் முதலில் சிக்கியது அவள் தலைமுடி. இழுத்துக் கரையில் போட்டபோது உதடு நீலமாக இருந்தது. அப்புறம் இருமினாள். அந்த இருமலைப் போல் ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. நம் ஊருக்குத் தூக்கி வந்தோம். கதிர்காமம் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து, நெஞ்சில் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

அன்றைக்குக் கரையில் தேசப்பன் மாமா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "நேரா போய் நட்டுட்டு வந்தியாம்மா? உங்கப்பன் அப்படி நட மாட்டானே. விடியறதுக்குள்ள எறங்கி, கம்பால குத்திக் குத்திப் பாத்துக்கினே பக்கவாட்டுல நண்டு மாரி நடப்பான். நாங்க சிரிப்போம். மழைக்கு மழை ஆத்துக்குள்ள பள்ளம் எடம் மாறும்மா. ஒரு வருஷம் நட்ட எடத்துல மறு வருஷம் நட்டதே கெடையாது."

ஏம்பா என்னிடம் சொல்லவில்லை? இருபது வருஷம் ஒரே இடத்தில் நின்றதாக நான் நினைத்த கம்பு, வருஷத்துக்கு ஓரிடத்தில் நின்றிருக்கிறது. பிள்ளைகள் பயப்படக் கூடாது என்று நினைத்தாயா? உன் மேல் எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா? கோபப்பட்டு முடித்தால் அழுகை வருகிறது. நீ ஈர வேட்டியோடு வந்து டீ குடித்ததைத் தினம் பார்த்தவள்தானே நான். ஏன் நனைஞ்சிருக்கே என்று ஒரு நாளாவது கேட்டேனா?

யாழினிக்கு ஏழு வயதாகப் போகிறது. இப்போதும் தலைக்கு ஊற்றவிட மாட்டேன் என்கிறாள். ஈரத்துணியால்தான் துடைத்துவிடுகிறேன். பீச் ரோட்டில் நடக்கும்போதுகூடக் கடல் பக்கம் என்னை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்துவிடுகிறாள். அதைப் பார்த்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

என் வீட்டுக்காரர் சத்தம் போடுகிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். மாமா போன் வைத்ததும், "அந்த எடம் உங்கப்பாவோட போச்சு, விட்டுடு" என்றார். அவர் சொல்வதில் என்ன தப்பு? பெற்றவருக்கு அந்தப் பயம் இருக்காதா? எனக்கும் இருக்கிறது.

ஆனால் யாழினி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போன பிறகு என்னிடம் வந்து, "தாத்தா கம்பு அங்கியே இருக்குதாம்மா?" என்றாள். இருக்குது என்றேன். "இந்த வாட்டி நீ சரியா வெப்பியா?" என்று கேட்டாள்.

அவளிடம் இன்னொரு தடவை தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்ல வாய் வரவில்லை.

அவரிடம் பேசப்போகிறேன். ஒப்புக்கொண்டால் போவோம். விடியும் முன் மாமாவைக் கரையில் நிறுத்தி, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நான் இறங்குவேன். குத்திக் குத்தி, பக்கவாட்டில், நண்டு மாதிரி. யார் சிரித்தாலும் சரி. பள்ளமில்லாத இடம் கிடைக்காவிட்டால் கம்பை நட மாட்டேன், பத்து நாளும் கரையில் மணல்தான். யாழினியை எழுப்பிக் கூட்டிவந்து, நான் நடப்பதைக் கரையிலிருந்து பார்க்க வைப்பேன். நீ எங்களுக்குக் காட்டாததை அவளுக்குக் காட்டுவேன்.

இப்படிக்கு,
உன் கம்பைத் தொட்டுவிட்டுத் திரும்பிய மூத்த மகள்,
யாழினியின் அம்மா